பேச முடியாமல் போன ஆசிரியர்



"ஆம்பிளப் புள்ள அழக்கூடாது" என்று சொல்லித்தான் நம் ஊர்களில் பையன்களை வளர்க்கிறோம். அவன் பெரியவனாகி, "தூக்கமில்ல, மனசு சரியில்ல" என்று வாய் திறந்தால் ஈமான் குறைவு என்கிறோம். இல்லாவிட்டால் "அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சிரிக்கிறோம். அதற்குப் பிறகு அவன் பேசுவதில்லை. நாம் மதிக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

1091இல் செல்ஜூக் அமைச்சர் நிழாமுல் முல்க் அவரை பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவுக்கு ஆசிரியராக நியமித்தார். ஓர் ஆலிமுக்கு அதைவிடப் பெரிய பதவி அன்று அரிது. 300 மாணவர்கள் அவரிடம் ஓதினார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

1095, ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் அவர் உள்ளுக்குள் தவித்தார். தான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பேருக்கும் புகழுக்குமா என்ற கேள்வி அவரை விடவில்லை. போய்விடலாம் என்று காலையில் நினைப்பார், மாலையில் மனம் மாறிவிடும். கடைசியில் நாக்கு கட்டிக்கொண்டது. மாணவர்களுக்காக ஒரு பாடமாவது நடத்த முயன்றார், ஒரு சொல்லும் வரவில்லை. சாப்பாடும் தண்ணீரும் இறங்கவில்லை, உடம்பு மெலிந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது மனதில் தொடங்கி உடம்புக்கு வந்தது, மனப்பாரம் இறங்கினால்தான் குணமாகும் என்று கைவிரித்தார்கள்.

அவர் துஆவில் அல்லாஹ்விடம் சரணடைந்தார். பதவியை விட்டார். ஆனால் ஊருக்கு உண்மையைச் சொல்லவில்லை. மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷாமுக்குப் புறப்பட்டார். அவர் ஏன் போனார் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள்.

பதினொரு வருடங்களுக்குப் பிறகு நைஸாபூரில் மறுபடி கற்பிக்க வந்தார். அதன் பின்னர் 'அல்முன்கித் மினழ்ழலால்' என்ற நூலில் நாக்கு கட்டியதையும், வைத்தியர்கள் சொன்னதையும், ஊருக்கு மறைத்ததையும் தன் கையாலேயே எழுதினார்.  அதனால் அவருடைய மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. இன்றும் அவர் 'ஹுஜ்ஜதுல் இஸ்லாம்'தான்.

அவருக்கு இன்ன நோய் என்று இன்றைய பெயர் ஒன்றை நாம் வைக்கத் தேவையில்லை. ஈமானும் இல்மும் நிறைந்த ஒருவருக்கும் மனம் உடையலாம், அதை ஓர் ஆண் வெளியே சொல்லலாம் என்பது போதும்.

அவருக்கும் முன்பே, 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கி, உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்து ஒரு மருத்துவ நூல் எழுதினார். துக்கம், பயம், கோபம், ஓயாத வீண் எண்ணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வைத்தார். காரணம் தெரியாமல் வரும் துக்கமும் உண்டு, அது உடம்பிலிருந்தும் வரலாம் என்றார். ஆக, மனநோய்க்கு வைத்தியரிடம் போவது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் அல்ல. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியும் அல்ல.

வீட்டில் மகனோ, நானாவோ, வாப்பாவோ சில நாளாகப் பேச்சைக் குறைத்திருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். உபதேசம் பிறகு இருக்கட்டும், முதலில் கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேச ஆள் இருக்கிறார்கள். தேவைப்படும் ஒருவருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.