புதிய கத்தோலிக்கரின் முதல் ஈஸ்டர்: ஆலயத்திலும் வீட்டிலும் கொண்டாடும் வழிகள்

ரவாங்: ஈஸ்டருக்கு முந்திய இரவில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேரும் தமிழர்களில் இந்துக் குடும்பங்களிலிருந்து வருபவர்களும் உண்டு. திருமணம், நட்பு, நோயில் கிடைத்த ஆறுதல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். மாதக்கணக்கில் மறைக்கல்வி வகுப்புக்குப் போய் வந்தவர்களுக்கு, முதல் ஈஸ்டர் நெருங்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஆலயத்தில் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் அம்மா அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? முதல் கேள்விக்குப் பங்குத்தந்தையிடம் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதுதான் பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் உதவும் தகவல்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெயரும் நாளும்

நாம் ஈஸ்டர் என்று சொல்வதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் உயிர்ப்புப் பெருவிழா என்றும் பாஸ்கா விழா என்றும் அழைக்கிறார்கள். பாஸ்கா என்பது எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது; கடந்து செல்லுதல் என்று பொருள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ராயேல் மக்கள் விடுதலைக்குக் கடந்து சென்றதும், இயேசு சாவிலிருந்து வாழ்வுக்குக் கடந்து சென்றதும் இந்த ஒரே சொல்லில் அடங்கும்.

கிறிஸ்துமஸைப் போல் ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் விழும். 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28, 2028-இல் ஏப்ரல் 16. பௌர்ணமியை ஒட்டியே கணக்கிடுவதால், பல ஆண்டுகளில் பங்குனி உத்திரமும் புனித வாரமும் அடுத்தடுத்து வருவதைக் காணலாம்.

மூன்று நாளும் ஒரே விழா

ஞாயிறு காலைத் திருப்பலிக்கு மட்டும் போனால் ஈஸ்டர் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. திருச்சபையின் பார்வையில் பெரிய வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை நடப்பது ஒரே கொண்டாட்டம்.

பெரிய வியாழன் மாலையில் இயேசுவின் கடைசி இராவுணவு நினைவுகூரப்படும். குருவானவர் மக்களின் பாதங்களைக் கழுவுவார். திருப்பலிக்குப் பின் நற்கருணை வேறொரு பீடத்துக்கு எடுத்துச் செல்லப்படும். அங்கே இரவில் அமைதியாக அமர்ந்து செபிக்கலாம்.

புனித வெள்ளியன்று உலகில் எந்தக் கத்தோலிக்க ஆலயத்திலும் திருப்பலி கிடையாது. யோவான் நற்செய்தியிலிருந்து திருப்பாடுகள் வாசிக்கப்படும். மக்கள் வரிசையாகச் சென்று சிலுவைக்கு மரியாதை செலுத்துவார்கள். அன்று நோன்பு. 18 வயது முதல் 59 வயது வரை உள்ளவர்கள் ஒரு முழு உணவும், இரண்டு சிறு உணவும் உண்ணலாம்; அந்த இரண்டும் சேர்ந்து ஒரு முழு உணவின் அளவுக்கு வரக்கூடாது. 14 வயது நிரம்பியவர்கள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு.

ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். புனித வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில்தான் பொது விடுமுறை. சிலாங்கூரில் விடுமுறை இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர்கள் முன்கூட்டியே ஆண்டு விடுமுறைக்கு விண்ணப்பிப்பது நல்லது. பிற்பகல் 3 மணி வழிபாட்டுக்கு வர முடியாதவர்கள், பங்கில் வேறு நேரத்திலும் வழிபாடு உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பாஸ்கா இரவு

சனிக்கிழமை இருட்டிய பிறகே இந்த வழிபாடு தொடங்கும். ஆலயத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அந்தப் பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், நடப்பு ஆண்டின் எண்களும் வரையப்பட்டிருக்கும். ஐந்து திருக்காயங்களின் அடையாளமாக ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்பட்டிருக்கும். விளக்கணைத்த ஆலயத்துக்குள் அந்த ஒரு சுடர் நுழைய, அதிலிருந்து எல்லாருடைய கையிலுள்ள திரிகளும் ஏற்றப்படும்.

முழுமையாக நடத்தினால் ஒன்பது வாசகங்கள்: பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு. சில பங்குகளில் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். ஆனால் செங்கடலைக் கடந்த விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடக்கூடாது என்பது விதி. நமது பங்குகளில் பாஸ்கா இரவு பெரும்பாலும் பல மொழிகளில் நடக்கும். ஆங்கிலத்திலோ மண்டரினிலோ பஹாசா மலேசியாவிலோ வாசிக்கும்போது விளங்காமல் நிற்காதிருக்க, அந்த வாசகங்களை முதல் நாளே தமிழ்த் திருவிவிலியத்தில் படித்துவிட்டுப் போகலாம்.

அதன் பிறகு புதியவர்களின் நேரம். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், முதல் நற்கருணை ஆகிய மூன்றும் அதே இரவில் வழங்கப்படும். வெள்ளை ஆடை அணிவிப்பார்கள். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைக் கையில் தருவார்கள். அந்தத் திரியை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, ஆண்டுதோறும் திருமுழுக்கு நாளில் ஏற்றுவது நல்ல பழக்கம்.

வேறு கிறிஸ்தவச் சபையில் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மறுபடியும் திருமுழுக்கு இல்லை. அவர்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்.

ரவாங் வட்டாரத்தினர் புனித யூதா ஆலயத்தில் வழிபாட்டு நேரங்களைக் கேட்டறியலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் பாத்திமா மாதா ஆலயம், புடு புனித அந்தோணியார் ஆலயம், கிள்ளான் லூர்து மாதா ஆலயம் ஆகியவையும் தமிழர்கள் நன்கு அறிந்தவை. பாஸ்கா இரவு வழிபாடு முடிய நேரமாகும் என்பதால், கொம்யூட்டர் ரயிலை நம்பிப் போகிறவர்கள் திரும்பும் வழியை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வீட்டார் மனம் நோகாமல்

பிள்ளை மதம் மாறியது தன்னை விட்டு விலகிப் போனது போலவே பல தாய்மார்களுக்குத் தோன்றும். நாளைக்குத் தன் காரியங்களை யார் செய்வது என்ற கவலையும் அதில் இருக்கும். அந்தக் கவலையை வாதம் செய்து தீர்க்க முடியாது. பத்துக் கட்டளைகளில் ஒன்று தாய் தந்தையை மதிக்கச் சொல்கிறது. திருமுழுக்கு அதை நீக்கிவிடுவதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட பிற சமயங்களைப் பற்றிய அறிக்கை, இந்து சமயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்கிறது. வீட்டுச் சாமி படத்தைக் காட்டிச் சண்டை போடும் புதிய கத்தோலிக்கர் இதை அறிந்திருக்க வேண்டும்.

பாஸ்கா இரவுக்குப் பெற்றோரையும் உடன்பிறப்புகளையும் அழைக்கலாம், யாரும் வரலாம். என்ன நடக்கும், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவைத்தால் அவர்களுக்குக் கூச்சம் இருக்காது. நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது என்பதையும் வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். வரிசையில் வந்த பிறகு தடுத்தால் அது அவமானமாகிவிடும். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து ஆசி வாங்கினால் போதும்.

தமிழ்ப் புத்தாண்டும் இந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. 2025-இல் ஏப்ரல் 14 புனித வாரத்தின் திங்கட்கிழமையாக இருந்தது. 2028-இல் ஏப்ரல் 14 புனித வெள்ளி. வீட்டில் வடை பாயசத்தோடு இலை போடும் நாளில் நோன்பிருக்க வேண்டிவரும். வழி இருக்கிறது. புத்தாண்டுச் சாப்பாடு சைவமாக இருந்தால், அன்றைய ஒரு முழு உணவாக அதையே அம்மா கையால் அளவோடு உண்டுவிட்டு, மாலையில் சிலுவைப்பாதைக்குப் போகலாம்.

ஞாயிறன்று வீட்டில்

புதுத்துணி, பிரியாணி, முட்டைகளுக்கு வண்ணம் தீட்டும் பிள்ளைகள் என்று ஞாயிறு கலகலப்பாகவே இருக்கும். பாஸ்கா இரவில் மந்திரித்த தண்ணீரைச் சிறு போத்தலில் கொண்டுவந்து வீட்டில் தெளித்துக் குடும்பமாகச் செபிக்கலாம். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு செய்யும் நாம், ஈஸ்டரன்று பக்கத்து வீட்டாரையும் பழைய தோட்டத்து உறவுகளையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழைக்கலாம். துணையின்றி இருக்கும் முதியவர் ஒருவருக்கு உணவு கொண்டு போய்க் கொடுத்து, சற்று நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதும் கொண்டாட்டமே.

ஐம்பது நாள்கள்

தவக்காலம் 40 நாள் என்றால் உயிர்ப்புக் காலம் 50 நாள். ஈஸ்டரிலிருந்து தூய ஆவியார் பெருவிழா வரை அது நீளும். முதல் எட்டு நாள்களும் பெருவிழாவாகவே கொண்டாடப்படும். எட்டாம் நாள் இறை இரக்க ஞாயிறு.

புதியவர்கள் பலர் சோர்ந்து போவது இந்தக் கட்டத்தில்தான். வகுப்பு முடிந்துவிட்டது, வாரந்தோறும் விசாரித்தவர்கள் இப்போது விசாரிப்பதில்லை, ஆலயத்தில் யாரையும் தெரியாது. இதற்காகவே, பெற்ற அருளடையாளங்களின் பொருளை ஆழமாக உணர்த்தும் சந்திப்புகளை இந்த 50 நாள்களில் நடத்தச் சொல்கிறது 1972-இல் வெளிவந்த பெரியவர்களுக்கான புகுமுக வழிபாட்டு நூல். பங்கில் அப்படிச் சந்திப்பு இல்லையென்றால் ஞானப்பெற்றோரிடம் கேளுங்கள். அன்பியத்தில் சேருங்கள், பாடகர் குழுவிலோ வரவேற்புப் பணியிலோ ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத் திருப்பலிகளில் வாசிக்கப்படும் திருத்தூதர் பணிகள் நூலை நாளுக்குச் சிறிது படித்தால் 50 நாளில் முடித்துவிடலாம். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கொண்டு உருவான முதல் சபையின் கதை அது.

பழைய கத்தோலிக்கர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பாஸ்கா இரவில் கைதட்டி வரவேற்ற அந்த முகத்தை அடுத்த ஞாயிறு ஆலயத்தில் தேடுங்கள். பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள்.