சுமையும் முதலும்: சிங்கப்பூரின் மக்கள்தொகையும் பொருளாதார வளர்ச்சியும்

மக்கள்தொகைப் பெருக்கம் பொருளாதார வளர்ச்சிக்குத் தடையா, துணையா என்னும் வினா, 1798இல் மால்தஸ் தம் கட்டுரையை வெளியிட்ட காலந்தொட்டு விவாதிக்கப்பட்டு வருகிறது. தலையெண்ணிக்கையை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாறு தக்க சான்றாகும்.

1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9.4 இலட்சமாக இருந்த சிங்கப்பூரின் மக்கள்தொகை, 1957இல் 14.5 இலட்சமாக உயர்ந்தது. அவ்வாண்டில் மக்களுள் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் பதினைந்து வயது நிரம்பாதவர்கள். மறுஏற்றுமதி வாணிகத்தைப் பெரிதும் நம்பியிருந்த தீவு, அவர்களுக்குப் பள்ளியும் வீடும் பின்னர் வேலையும் அளிக்கத் திணறியது.

இந்நெருக்கடியை அரசு இரு முனைகளில் எதிர்கொண்டது. 1961இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, ஜூரோங்கில் தொழிற்பேட்டை உருவானது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் 'இரு குழந்தைகள் போதும்' என்னும் பரப்புரை வலுப்பெற்றது, கூடுதல் குழந்தைகளுக்கு மகப்பேற்றுக் கட்டணம் உயர்த்தப்பட்டது, வரிச்சலுகை குறைக்கப்பட்டது. 1965இல் ஒரு பெண்ணுக்கு 4.7 என்றிருந்த கருவள விகிதம் 1975இல் 2.1 ஆகக் குறைந்தது. எனினும், 1957இல் ஆயிரவருக்கு 42.7 ஆக இருந்த பிறப்பு விகிதம் 1965இலேயே 29.5 ஆகத் தாழ்ந்துவிட்டது. எனவே, அரசின் கொள்கை அவ்வீழ்ச்சியைத் தொடங்கிவைக்கவில்லை. விரைவுபடுத்தியது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. 1950களில் சுமையாகக் கணக்கிடப்பட்ட குழந்தைகளே 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகளின் உழைப்பாளர்களாயினர். அவர்கள் கற்றிருந்தனர், அவர்களுக்கான வேலையும் காத்திருந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததால் பெண்களும் பெருமளவில் பணிக்கு வந்தனர். ஆக, வளர்ச்சிக்கு வித்திட்டது பிறப்புக் குறைவு மட்டுமன்று. முன்னரே பிறந்திருந்தோரும் அதற்கு முதலாயினர்.

ஆயின், இப்பேறு ஒரு தலைமுறைக்கே வாய்ப்பது. பிறப்புக் குறைவின் விளைவை உணர்ந்த அரசு, 1987இல் கொள்கையை மாற்றி, வசதியுள்ளோர் மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ பெறுமாறு ஊக்குவித்தது. 2001இல் குழந்தை ஊக்கத்தொகையை அறிமுகப்படுத்தியது. இருப்பினும், 2023இல் கருவள விகிதம் 0.97 ஆக வீழ்ந்தது. குடியிருப்பாளர்களுள் 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் 2010இல் 9 விழுக்காட்டினர், 2020இல் 15.2 விழுக்காட்டினர். 2024இல் மொத்த மக்கள்தொகையான 60.4 இலட்சத்துள் 18.6 இலட்சம் பேர் நிரந்தரக் குடியுரிமையும் அற்ற வெளிநாட்டவர் என்பது, உழைப்புத் தேவை எவ்வாறு நிறைவுசெய்யப்படுகிறது என்பதைப் புலப்படுத்தும்.

பத்தாண்டுகளில் சிறிய குடும்பத்தை இயல்பாக்கத் துணைநின்ற அரசால், ஏறத்தாழ நாற்பதாண்டுகளாகியும் அவ்வியல்பை மாற்ற இயலவில்லை. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் குழந்தையைச் செலவாக மட்டும் காணும் திட்டம், இருபதாண்டுக்குப் பின் வரும் வரவைக் காணத் தவறுகிறது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.