பத்தாவது படிச்சா என்ன வேலை?

மலருக்கு வரலாறு பற்றி எழுதச் சொன்னார்கள. ராஜாக்கள் கதை எனக்கு அவ்வளவாத் தெரியாது. நம்மைப் போன்ற பெண்களின் படிப்பும் வேலையும் மாறி வந்த கதையை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் எட்டாவது முடித்து டிரெயினிங் போனாலே ஆரம்பப் பள்ளியில் டீச்சர் ஆகலாம். 'ஹையர் கிரேடு' டீச்சர் என்பார்கள். அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி. கேட்டார்கள். அப்போது அது 11 வகுப்பு. 1978-ல் பிளஸ் டூ வந்தபின் அது பத்தாவதோடு நின்றது. பிற்பாடு டிரெயினிங்குக்கே பிளஸ் டூ வேண்டும் என்றானது. 2012 முதல் டெட் பரீட்சை வேறு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தரும் அ, ஆ மட்டும் அதே அ, ஆதான்!

கிராமத்துப் பெண்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தது சத்துணவு. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியபோது, படித்த பெண்கள் அமைப்பாளர் ஆனார்கள். அதிகம் படிக்காதவர்களுக்கும் சமையல் வேலை, ஆயா வேலை கிடைத்தது. விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. 1989-ல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கினார்கள். எட்டாவது படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் திருமண உதவி வந்ததும் அதே வருஷம்தான். பிறகு அதற்கும் பத்தாவது கேட்டார்கள்.

ஊரில் நாலு பேர் பத்தாவது முடித்திருந்தபோது அதற்கு மதிப்பு. எல்லாரும் முடித்ததும் அளவுகோல் மேலே போய்விட்டது. அங்கன்வாடி பணியாளருக்குப் பத்தாவது போதும் என்றிருந்தது, 2025-ல் பிளஸ் டூ ஆகிவிட்டது. குரூப் 4 பரீட்சைக்குப் பத்தாவது போதும்தான். ஆனால் 2024-ல் முதலில் அறிவித்த 6,244 இடத்துக்கு 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் டிகிரி படித்தவர்களோடுதான் நாம் மோதணும்.

இன்னொன்றும் இருக்கு. படிக்காத பெண்கள் வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள். டிகிரி முடித்தவர்களில் பலர் டீச்சர், நர்ஸ் என்று போகிறார்கள். நடுவில் இருக்கும் நாம்தான் அதிகம் வீட்டில் இருக்கிறோம். சர்க்கார் கணக்கெடுப்பிலும் இப்படித்தான் வருகிறது. களை எடுக்கப் போனால் "படிச்ச பொண்ணு" என்கிறார்கள், ஆபீசுக்குப் போனால் "பத்தாவதுதானே" என்கிறார்கள்.

என் மகள் இப்போது ஒன்பதாவது. பிளஸ் டூவோடு நிறுத்திடலாம் என்று வீட்டில் இப்பவே பேச்சு வருது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் காலேஜ் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். பீஸுக்குப் போதாவிட்டால் மீதிக்குக் குழுவில் கடன் கேட்பதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.