தவறிய இலக்கு எப்போது வரவாகிறது?

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைதான் அதன் தயாரிப்பு மேலாண்மையைக் கவனித்தவர். வாரம் ஒருமுறையாவது குரோமைப் பயன்படுத்துவோர் அந்த ஆண்டு முடிவுக்குள் 2 கோடிப் பேர் ஆகவேண்டும் என்று குழு இலக்கு வைத்தது. எட்டவில்லை. இலக்கைக் குறைப்பதற்குப் பதிலாக 2009-க்கு 5 கோடி என்று உயர்த்தினார்கள். கிடைத்தது 3.8 கோடி. 2010-க்கு வைத்ததோ 11.1 கோடி, இம்முறை அதை எட்டிவிட்டார்கள். முதலீட்டாளர் ஜான் டோயர் 2018-இல் வெளியிட்ட நூலில் பிச்சையே இந்தக் கணக்கைச் சொல்கிறார்.

இலக்கைப் பெரிதாக வை, தவறினாலும் லாபமே என்பதுதான் இக்கதையிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் பாடம். அது அரைகுறைப் பாடம் என்பது இக்கட்டுரையின் வாதம். தவறிய இலக்கு பயன் தருமா, கேடு விளைக்குமா என்பதை அதன் அளவு முடிவு செய்வதில்லை. தவறியவர்களுக்கு அடுத்து என்ன நேர்கிறது என்பதே முடிவு செய்கிறது.

குரோம் ஏன் பின்தங்கியது? அன்று உலகின் பெரும்பாலான கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்துவிடும். குரோம் வேண்டுமென்றால் ஒருவர் தானாகத் தேடிப்போய் இறக்கிக்கொள்ள வேண்டும். 2009-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் போவோர் வருவோரிடம் 'உலாவி என்றால் என்ன?' என்று கூகுள் ஊழியர்கள் கேட்டுப் படம்பிடித்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. பலர் தேடுபொறியையே உலாவி என்றார்கள். தங்களிடம் இருப்பது இன்னதென்றே தெரியாதவர்கள் அதை மாற்ற நினைப்பார்களா? வேகமான உலாவியைச் செய்துவிட்டால் மக்கள் வந்துவிடுவார்கள் என்ற எண்ணம் இங்கே உடைந்தது. கணினித் தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டுப் புதிய கணினிகளிலேயே குரோமை நிறுவித் தரச் செய்தார்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுத்தார்கள். ஆப்பிள் மேக் கணினிகளுக்கான பதிப்பும் வந்தது.

இலக்கு 20 லட்சமாக இருந்திருந்தால் தொழில்நுட்ப ஆர்வலர்களைக் கொண்டே நிரப்பியிருக்கலாம். தடை தயாரிப்பில் இல்லை, விநியோகத்தில் இருக்கிறது என்ற உண்மை கண்ணில் பட்டே இருக்காது. எட்டாத எண்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

தவறிய இலக்கு இப்படிப் பயன் தருவதற்கு முன்னோடியும் உண்டு. ஜாக் வெல்ச் தலைமையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1991-இல் இரண்டு இலக்குகளை வைத்தது: 1995-க்குள் இயக்க லாபம் 15 விழுக்காடு, சரக்கிருப்புச் சுழற்சி ஆண்டுக்கு 10 முறை. முடிவில் கிடைத்தவை 14.4 விழுக்காடும் ஏறக்குறைய 7 முறையும். இரண்டுமே தவறின. நிறுவனமோ அதைச் சாதனையாகவே பங்குதாரர்களுக்கு அறிவித்தது.

இனி மறுபக்கம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரும் தன்னிடம் 8 சேவைகளை வைத்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. உண்மையான சராசரி 6-ஐச் சற்றே தாண்டியிருந்தது. அங்கே குறைவதற்கு இடமில்லை. கிளை ஊழியர்களின் விற்பனை எண்ணிக்கை அன்றாடம் கண்காணிக்கப்பட்டது, எட்டாதவர்களின் வேலைக்கே ஆபத்து. அவர்கள் செய்தது என்ன? வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள், போலி மின்னஞ்சல் முகவரிகளைப் பதிந்தார்கள், ஒருவரின் பணத்தை எடுத்து அவர் கேட்காத கணக்கில் போட்டார்கள். இந்த மோசடிக்காகச் சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம். 2020-இல் அரசுடன் 300 கோடி டாலருக்குச் சமரசம். குரோமின் 3.8 கோடி பின்தங்கிய எண்ணானாலும் உண்மையான எண். வெல்ஸ் ஃபார்கோவின் எண்ணை நம்பவே முடியாது. பொய் எண்ணிலிருந்து எந்த நிர்வாகமும் எதையும் கற்றுக்கொள்ள வழியில்லை.

கடினமான, தெளிவான இலக்கு உழைப்பைக் கூட்டும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேதமும் பல்லாண்டு ஆய்வுகளால் நிறுவியவர்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 2011-இல் சிம் சிட்கினும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை ஒரு முரணைச் சுட்டியது: அண்மையில் நன்றாகச் செயல்பட்டு, கையில் உபரி வளமும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே எட்டாத இலக்குகள் ஒத்துவரும், அவற்றை நாடுவோரோ பெரும்பாலும் இவை இரண்டும் இல்லாதவர்கள். குரோமுக்குப் பின்னால் தேடல் விளம்பர வருவாய் இருந்தது. இரண்டு ஆண்டு பின்தங்கினாலும் யார் வீட்டு அடுப்பும் அணையவில்லை. லட்சிய இலக்கில் 1-க்கு 0.6 முதல் 0.7 வரை மதிப்பெண் வந்தாலே நன்று என்பது கூகுளின் வழக்கம். அந்த மதிப்பெண் நேரடியாகச் சம்பளத்தைத் தீர்மானிப்பதில்லை.

நம்மூரில் காப்பீட்டு முகவரும் நுண்கடன் வசூலிப்பவரும் மருந்து விற்பனைப் பிரதிநிதியும் 'டார்கெட்' என்ற சொல்லோடுதான் மாதத்தைத் தொடங்குகிறார்கள். அதில் ஊக்கத்தொகை கட்டுண்டு கிடக்கிறது. எட்டாத இலக்கை வைக்க விரும்பும் நிறுவனத் தலைவர்கள் முதலில் அந்தக் கட்டை அவிழ்க்கட்டும். அந்த இலக்கு தவறினால் ஒருவருடைய ஊதியமும் வேலையும் பாதிக்கப்படாது என்று எழுத்தில் தரட்டும்.