மூளைப் படங்களில் பிழை திருத்திய வரலாறு

சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கார்வேட்டிநகரம், வேணுகோபால சுவாமி கோயிலாலும் கந்த புஷ்கரிணி என்னும் திருக்குளத்தாலும் பெயர் பெற்ற ஊர். முன்னாளில் ஒரு ஜமீனின் தலைநகராக விளங்கியது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னையோடு சேர்ந்திருந்த பகுதி ஆதலால், தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். வேலையின் பொருட்டு வெளிமாநிலத்தில் வாழும் என்னைப் போன்றவர்கள், விடுமுறையில் அங்கே உறவினரைக் காணச் செல்வதுண்டு. அப்படிச் சென்றிருந்தபோது நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலே இக்கட்டுரைக்கு வித்து.

என் பெரியப்பாவுக்குச் சில மாதங்களுக்கு முன் வலக்கை தளர்ந்துவிட்டது. வேலூருக்கு அழைத்துச் சென்று மூளையைப் படம் பிடித்து, மருந்து கொடுத்து, ஒருவாறு தேற்றி அழைத்து வந்திருந்தார்கள். அவருடைய இளைய மகன் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “அண்ணா, வலக்கைதான் தளர்ந்தது, படத்திலும் வலப்பக்கம்தான் கறை தெரிகிறது, பாருங்கள்” என்றான். அருகில் இருந்த மருத்துவக் கல்லூரி மாணவி ஒருத்தி சிரித்துக்கொண்டே அவனைத் திருத்தினாள். மருத்துவமனைப் படங்களில், நோயாளியை எதிரில் நின்று பார்ப்பது போல, அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகவே தோன்றும். ஆகவே கறை உண்மையில் இட மூளையில் இருக்கிறது. இட மூளையோ வலக்கையை ஆள்வது. இரண்டு முறை பக்கம் மாறியதால், தம்பியின் தவறான கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்டது!

அன்று மாலை குளத்தங்கரையில் நின்றபோது, கரையிலுள்ள மரங்கள் நீரில் தலைகீழாகத் தெரிந்தன. அதைக் கண்டு ஏமாறுவார் எவருமில்லை. ஆனால் மனித மூளை இடமும் வலமும் ஏறத்தாழ ஒத்திருப்பது. அதன் படம் பக்கம் மாறிப் போனால் கண் அதைக் கண்டுகொள்ளாது. மொழிபெயர்ப்பிலே காலம் கழிக்கும் எனக்கு இது பழகிய செய்தி. கரடுமுரடான தவறு வாசகனைத் தடுக்கி நிறுத்தும். அடுத்த நிமிடமே திருத்தப்படும். சரளமாக ஓடும் வாக்கியத்தில் பதுங்கிய தவறோ ஆண்டுக்கணக்கில் அச்சிலே வாழும். மூளைப் படங்களிலும் இத்தகைய தடுக்காத பிழைகள் உண்டா? உண்டெனில் அவற்றைக் கண்டுபிடித்தவர் எவ்வாறு கண்டுபிடித்தனர்? இதுவே நாம் காண விருக்கும் வரலாறு.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். இன்றைய மூளைப் படம் புகைப்படம் அன்று. அது ஒரு கணக்கின் விடை. 1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பை நன்கு காட்டியது. மண்டையோட்டினுள் இருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. 1919 வாக்கில் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி மூளையின் நீரறைகளில் காற்றைச் செலுத்தி, அவற்றின் வடிவைப் படம் பிடித்தார். 1927-இல் போர்த்துகல் நாட்டு எகாஸ் மோனிஸ் இரத்தக் குழாய்களில் மருந்தேற்றி அவற்றைப் புலப்படுத்தினார். வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறைகளைத் தொடங்கிய காலத்தில், நோயாளிக்கு வேதனை தரும் இத்தகைய மறைமுக வழிகளையே நம்ப வேண்டியிருந்தது.

நிலைமையை மாற்றியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மறுபுறம் வந்தது என்பதை எண்களாகப் பதிந்து, அந்த எண்களிலிருந்து உட்புறத்தைக் கணக்கிட்டு வரையலாம் என்பது அவர் கருத்து. அவருடைய தொடக்கச் சோதனையில் ஒரு பொருளின் அளவுகளை எடுக்க ஒன்பது நாட்களும், கணக்கிட இரண்டரை மணி நேரமும் சென்றன. 1971 அக்டோபர் முதல் நாள் லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை இம்முறையில் படமாயிற்று. அதுவே இன்று ஊர்தோறும் பேசப்படும் சி.டி. ஸ்கேன். ஹவுன்ஸ்ஃபீல்டும், இதற்கான கணிதத்தை முன்பே ஆராய்ந்த ஆலன் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே 1971-ஆம் ஆண்டில் நம்மவர் இருவரும் இக்கணிதத்திலே ஒரு பெரும் இடையூறைக் களைந்தனர். கோபாலசமுத்திரம் என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரில் தாங்கிய ஜி. என். ராமச்சந்திரன், எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. 1952 முதல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் துறையை நடத்தி, கொலாஜென் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டு உலகப் புகழ் எய்தினார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்றார். அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1971-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

அவர்கள் தீர்த்த சிக்கல் இதுதான். பல கோணங்களில் கிடைத்த நிழல்களை வந்த வழியே திரும்பப் பூசிக்கொண்டு வந்தால், பூச்சுகள் கூடும் இடத்தில் பொருள் தெரியும். ஆனால் ஒவ்வொரு பூச்சும் தன் பாதை நெடுகிலும் ஒரு மங்கலை விட்டுச் செல்லும். ஒரே ஒரு புள்ளியைப் படம் பிடித்தாலும், புள்ளி வராது. கதிர் விரித்த நட்சத்திரம் போன்ற மங்கலே வரும். ஃபூரியே மாற்றம் என்னும் கணித வழியில் இதை நீக்கலாம் எனினும் அதற்குக் கணினியின் உழைப்பு மிகுதி. பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலின் விளிம்புகளையும் ஒரு குறிப்பிட்ட அளவில் கூர்மையாக்கி விட்டால், மங்கல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று இவ்விருவரும் காட்டினர், கணக்கும் விரைவாயிற்று. வானொலி வானியலில் பிரேஸ்வெல் முதலியோர் இதை ஒத்த வழியைத் தனியே கண்டிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் இன்றும் பாடநூல்களில் அந்தத் திருத்தத்திற்கு இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் கொண்டு ‘ராம்–லாக் வடிகட்டி’ என்றே பெயர்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. படம் சரியா என்று அறிய வேண்டுமானால், விடை முன்பே தெரிந்த ஒரு வினாவை யந்திரத்தினிடம் கேட்க வேண்டும். புள்ளியைக் கொடுத்தால் புள்ளி வருகிறதா? சி.டி. அளவுகோலில் தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000 என்று வகுத்திருக்கிறார்கள். ஆதலின் நீர் நிரப்பிய உருளை ஒன்றைப் படுக்கவைத்துப் படம் எடுத்து, பூஜ்யம் வருகிறதா என்று பார்ப்பது மருத்துவமனைகளின் வழக்கமாயிற்று. இந்த எளிய உபாயமே பின்வந்த வரலாறு முழுவதிலும் வெவ்வேறு வேடத்தில் தோன்றுகிறது.

1973-இல் பால் லாட்டர்பர் காந்தப் புலத்தைக் கொண்டு உருவம் எடுக்கும் வழியைக் காட்டினார், எம்.ஆர்.ஐ. பிறந்தது. 1990-இல் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா, இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் கொண்டு, மூளையின் எப்பகுதி எப்போது வேலை செய்கிறது என்று அறியலாம் என்றார். ஒருவர் பேசும்போதும் நினைக்கும்போதும் நூற்றுக்கணக்கான படங்கள் குவியலாயின. தலை அசைந்ததைத் திருத்துவது, பலருடைய மூளைகளை ஒரு பொது வடிவத்தோடு பொருத்துவது, இரைச்சலை மட்டுப்படுத்துவது, புள்ளியியல் சோதனை செய்வது ஆகிய எல்லாவற்றையும் மென்பொருள்களே ஏற்றன. லண்டனில் எஸ்.பி.எம்., அமெரிக்காவில் ஆஃப்னி, ஆக்ஸ்போர்டில் எஃப்.எஸ்.எல். என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. பிழைக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது.

முதற்பிழை, நம் கார்வேட்டிநகரத்துத் தம்பியின் பிழையே. சில மென்பொருள்கள் நோயாளியின் இடத்தை இடமாகவே காட்டின. சில மாற்றிக் காட்டின. பழைய கோப்பு முறையில் எது எது என்பதற்கு உறுதியான குறிப்பில்லை. ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் படத்தை மாற்றும்போது பக்கம் புரண்டாலும் எவருக்கும் தெரியாது. இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட மருந்து வேடிக்கையானது. வைட்டமின் ‘ஈ’ மாத்திரை ஒன்றை நெற்றியின் ஒரு பக்கத்தில் ஒட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள். மாத்திரையிலுள்ள எண்ணெய் படத்தில் பளிச்சென்று தெரியும்; எந்தப் பக்கம் ஒட்டினோம் என்பது நமக்குத் தெரியுமாதலால் ஐயம் நீங்கும். பின்னர் 2003 வாக்கில் திசைகளைக் கோப்பிலேயே தெளிவாகக் குறிக்கும் நிஃப்டி என்னும் பொது முறை வகுக்கப்பட்டது.

இரண்டாவது பிழை எண்ணிக்கையால் விளைவது. மூளைப் படத்தை ஒரு லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்னும் தளர்வோடு சோதித்தால், ஒன்றுமே நிகழாதபோதும் 5,000 கட்டங்கள் வேலை செய்வதாகத் தோன்றும். இதை உணர்த்த, அமெரிக்காவில் கிரெய்க் பென்னெட்டும் அவர் தோழர்களும் ஒரு மீனை யந்திரத்தில் வைத்தனர். மனிதர்களின் உணர்ச்சி நிலைகளைக் காட்டும் படங்களை அதற்குக் காட்டி, மூளையை ஆராய்ந்தனர். மீனோ செத்த மீன்! எனினும் திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையில் சில கட்டங்கள் ஒளிர்ந்தன. திருத்தம் செய்தபின் மறைந்தன. 2009-இல் வெளியிட்ட இந்தச் சோதனைக்கு 2012-இல், சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது பிழை இன்னும் ஆழமானது. 2016-இல் ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் எக்லண்டும், தாமஸ் நிக்கல்ஸ், ஹான்ஸ் நட்சன் ஆகியோரும் சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமான மனிதரின் படங்களை எடுத்துக்கொண்டனர். அவர்களை மனம்போன போக்கில் இரு பிரிவாக்கி, வேற்றுமை உண்டா என்று மென்பொருள்களைக் கேட்டனர். இல்லை என்பதே விடை. நூற்றுக்கு ஐந்து முறை தவறலாம். இவ்வாறு ஏறத்தாழ முப்பது லட்சம் முறை சோதித்தபோது, சில முறைகளில் தவறு நூற்றுக்கு எழுபதுவரை சென்றது. அடுத்தடுத்த கட்டங்களின் ஒற்றுமையைப் பற்றி மென்பொருள்கள் கொண்டிருந்த ஊகம் உண்மைக்குப் பொருந்தவில்லை. ஆஃப்னியின் ஒரு பகுதியில் பதினைந்து ஆண்டுகளாகப் பதுங்கியிருந்த ஒரு பிழையும் இந்த ஆராய்ச்சியின்போது அகப்பட்டது. 2015-இலேயே அதைத் திருத்திவிட்டனர்.

இதிலே சுவையான பின்கதை ஒன்று உண்டு. நாற்பதாயிரம் ஆய்வுகளின் நம்பகம் ஐயத்துக்குரியது என்று அக்கட்டுரை முதலில் கூறியது. அந்த எண் மிகைப்பட்டது என்று கண்டதும், எழுதியவர்களே திருத்தம் வெளியிட்டனர். பிறர் பிழையைக் கண்டவர் தம் பிழையையும் மறைக்கவில்லை.

விடை மாறுவதற்குப் பிழைதான் வேண்டும் என்பதில்லை. மூளையின் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் என்னும் மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே படத்தில் கண்ட கனஅளவுகள் சராசரி 8.8 விழுக்காடு வேறுபட்டதாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. கணினியை மாற்றினாலும் ஓரளவு வேறுபாடு இருந்தது. 2020-இல் 108 பேருடைய படங்களை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது வினாக்களுக்கு விடை கேட்டனர். எந்த இரு குழுவும் ஒரே வழியில் செல்லவில்லை. பல வினாக்களுக்கு விடைகளும் மாறுபட்டன. அது முதல், விடையை மட்டுமன்றி, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தப் படிகள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

இதைக் கேட்டு, நம் வீட்டு முதியவரின் படத்தை நம்பலாமா என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மீனும் 499 பேரும் வெளிப்படுத்தியவை, பலருடைய மூளைச் செயலைப் புள்ளியியலால் ஒப்பிடும் ஆராய்ச்சியின் பிழைகள். ஒருவருடைய மூளையில் இரத்தம் கசிந்ததா, அடைப்பு உண்டா என்று காட்டும் மருத்துவப் படம் வேறு வகை. அதை மருத்துவர் தளர்ந்த கையோடும் குழறிய பேச்சோடும் ஒப்பிட்டே முடிவு செய்கிறார். அந்தக் கையே அங்கே விடை தெரிந்த வினா. ஆனால் மனம் இங்கே இருக்கிறது, அன்பு அங்கே இருக்கிறது என்று வண்ணப் படத்தோடு செய்தி வரும்போது, எத்தனை பேரைச் சோதித்தனர், வேறொருவர் சோதித்தும் அதே விடை வந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அப்படிக் கேட்பதற்கு மூலப் படங்கள் எல்லார்க்கும் கிடைக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கிப் படம் பிடித்து, 5,132 சீவல்கள் அடங்கிய தொகுதியைத் ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்குப் பொதுவாக வெளியிட்டது. எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம். குறை கண்டால் சொல்லலாம். ராமச்சந்திரன் பணியாற்றிய நகரத்திலிருந்து இப்படியொரு தொகுதி வந்தது பொருத்தமே.

ஊரைவிட்டுப் புறப்படும் நாளன்று தம்பி மீண்டும் அந்தப் படத்தை எடுத்து வந்தான். அதன் ஓரத்தில் பக்கத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ஒன்று சிறியதாக அச்சாகியிருந்தது. “இதை முதலில் பார்த்திருக்க வேண்டும், அண்ணா” என்றான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. தளர்ந்திருந்த வலக்கையை மெல்ல உயர்த்தி எனக்கு விடை கொடுத்தார்.