புது மெஷினுக்குள்ள ஒரு பழைய மெஷின்

எமுலேட்டர் எண்டதும் எங்களுக்கு முதலில ஞாபகம் வாறது கேம்தான். போனில ஒரு அப்பைப் போட்டு, பழைய ப்ளேஸ்டேஷன் கேமை ஓடவிடுறது. ஆனால் இந்தச் சொல் பிறந்த இடத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது சம்பளக் கணக்குப் போட்ட மெஷின்களின் கதை. வாடிக்கையாளர்களை இழந்துவிடுவோமோ என்று பயந்த ஒரு கம்பனியின் கதை.

1959 இல் ஐபிஎம் 1401 என்ற கணினியை வெளியிட்டது. சில வருடங்களிலேயே 10,000 க்கு மேல் பாவனைக்கு வந்துவிட்டன. அலுவலகங்களின் கணக்கு வழக்கெல்லாம் அதற்குள்தான். பிறகு ஐபிஎம், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தன் கணினிகளையெல்லாம் விட்டுவிட்டு, சிஸ்டம்/360 என்ற ஒரே குடும்பமாகக் கொண்டுவரத் தீர்மானித்தது. நல்ல யோசனைதான். சிக்கல் என்னவென்றால், 1401 க்கு எழுதின ஒரு புரோகிராம்கூட 360 இல் ஓடாது. 1401 எழுத்தெழுத்தாக வாசித்து, ஒரு குறி வந்தால்தான் சொல்லின் எல்லையை அறியும். 360 எட்டு பிட் பைட்டில் யோசிக்கும். இரண்டுக்கும் பாஷையே வேற.

எப்படியும் எல்லாவற்றையும் திருப்பி எழுதத்தான் வேணும் என்றால், வாடிக்கையாளர் ஏன் ஐபிஎம்மிடமே வாங்க வேணும்? 1963 டிசம்பரில் ஹனிவெல் இந்த இடத்தில்தான் கை வைத்தது. தன் 200 என்ற கணினியோடு, 1401 புரோகிராம்களை மாற்றித் தரும் ஒரு மென்பொருளையும் கொடுத்தது. அதற்கு வைத்த பெயர் ‘லிபரேட்டர்’. விடுதலை தருபவனாம்! ஐபிஎம்முக்கு உள்ளேயே ஒரு பகுதியினர் 360 ஐ விட்டுவிட்டு வேகமான 1401 ஒன்றைச் செய்வோம் என்று நின்றார்கள்.

360 ஐக் காப்பாற்றியது வேறொரு வழி. பழைய கட்டளை ஒவ்வொன்றையும் மென்பொருளால் வாசித்து, அதைப் புதுக் கட்டளைகளாகச் செய்துகாட்டலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில வைச்சுக் கதைக்கிற மாதிரி, அது சரியான மெதுவு. 360 இன் பெரும்பாலான மொடல்களில் ஒரு கட்டளை என்பது நேரடியாகக் கம்பியில் கட்டினது இல்லை. மைக்ரோகோட் எனும் சின்னச் சின்னப் படிகளாக உள்ளே சேமிக்கப்பட்டிருந்தது. மொடல் 30 இல் அந்தப் படிகள் துளையிட்ட அட்டைகள் போன்ற தகடுகளில்தான் இருந்தன. அப்படியென்றால் 1401 இன் கட்டளைகளுக்கும் அதற்குள்ளேயே படி எழுதலாமே? எழுதினார்கள். மென்பொருளால் மட்டும் நடக்கும் ‘சிமுலேஷனில்’ இருந்து பிரித்துக் காட்டத்தான் ‘எமுலேட்டர்’ என்ற பெயர் வந்தது. 1401 இன் புரோகிராம் உண்மையான 1401 ஐவிட இதில் வேகமாக ஓடியது.

1964 ஏப்ரல் 7 இல் 360 அறிவிக்கப்பட்டது. அதை வாங்கின பலர் பிறகு செய்தது எங்களுக்குச் சிரிப்பைத் தருகிறது. பழைய குருடி கதவைத் திறடி என்று, புது மெஷினை 1401 ஆகவே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். ஓடுகிற ஒன்றை ஆர்தான் திருப்பி எழுதுவினம்?

இங்கே ஐபிஎம் எமுலேட் செய்தது தன்னுடைய மெஷினைத்தான். மற்றவரின் மெஷினை ஒருவர் செய்தால்? 1999 இல் கொனெக்டிக்ஸ் என்ற சின்னக் கம்பனி, ப்ளேஸ்டேஷன் கேம்களை மாக் கணினியில் ஓட்டும் மென்பொருளை விற்றது. சோனி வழக்குப் போட்டது. ப்ளேஸ்டேஷனுக்குள் இருந்த பயோஸ் மென்பொருளை, அது வேலை செய்யும் விதத்தை அறிய கொனெக்டிக்ஸ் கோபி பண்ணியது உண்மை. ஆனால் விற்ற பொருளுக்குள் சோனியின் கோட் இல்லை. கீழ் நீதிமன்றம் விற்பனையைத் தடுத்தது. 2000 பெப்ரவரியில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோபி நியாயமான பாவனைதான் என்று தடையை நீக்கியது. அடுத்த வருடமே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது. தீர்ப்பை மட்டும் வாங்க முடியவில்லை. எமுலேட்டர் வழக்கு என்று வந்தால் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.