குலுக்கலில் கிடைத்த வீடு

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியற்றவர்களின் பிள்ளைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபின் அந்தப் பிள்ளைகளை இரண்டு ஆய்வுகள் பின்தொடர்ந்தன.

மைக்கேல் ரட்டரின் குழு பிரிட்டனிலிருந்தது. 1990-க்கும் 1992-க்கும் இடையில் அங்குள்ள குடும்பங்கள் தத்தெடுத்த 165 ருமேனியக் குழந்தைகளை அது கவனித்தது. ஒப்பிட, உள்நாட்டிலேயே தத்துப்போன 52 பேர். விடுதியில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்தவர்களிடம் பாதிப்பு நெடுநாள் நீடித்தது. இங்கே ஆய்வாளர் யார் தலையெழுத்தையும் எழுதவில்லை. ஆனால், துறுதுறுப்பான குழந்தையைத்தான் முதலில் தூக்கினார்களோ? பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களிலேயே விடுதிக்கு வந்தவர்கள், வெளியேறும் நாளைத் தீர்மானித்தது ஆட்சிக் கவிழ்ப்புதான் என்றார் ரட்டர். நல்ல பதில்தான், சந்தேகம் முழுதும் தீரவில்லை.

இன்னொரு ஆய்வை நடத்திய நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா மூவரும் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. ஆறு விடுதிகளின் 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு, 68 பேர் இருந்த இடத்திலேயே. பின்னர் ஒரு சோதனை: அந்நியரிடம் குழந்தை தயங்குகிறதா? கதவைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவர். 'வா, ஒன்று காட்டுகிறேன்' என்கிறார். வளர்ப்பவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஒப்பிடச் சேர்த்த, பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளில் ஓரிருவரே கூடப் போனார்கள். விடுதிக்கென ஒதுக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். குடும்பங்களுக்குப் போனவர்கள் இடையில்.

விடுதி கெடுதல் என்று மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-லேயே எழுதிவிட்டாரே, மறுபடி நிரூபிக்க 68 குழந்தைகளை விட்டுவைக்கலாமா? உறுத்தும் கேள்விதான். ஆனால் அன்று புக்காரெஸ்டில் வளர்ப்புக் குடும்பங்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆய்வுக் குழுவே ஆள்தேடி, பயிற்சி தந்து, சம்பளமும் கொடுத்தது. கைவசம் இருந்த இடங்களுக்கு யாரையாவது பொறுக்கி எடுப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது என்பேன். ரட்டரின் ஆய்வில் இந்தச் சங்கடம் இல்லை. அந்த ஆய்வால் புதிதாக வீடு பெற்ற குழந்தையும் இல்லை.

இன்னொரு விதியும் இருந்தது: வேறு வழியில் குடும்பம் அமைந்தால் யாரையும் தடுக்கக் கூடாது. அப்படி இரண்டாம் குழுவிலிருந்து பலர் வெளியேறினார்கள். கணக்கில் மட்டும் அவர்கள் கடைசிவரை விடுதிப் பிள்ளைகளாகவே எண்ணப்பட்டார்கள். இரு குழுக்களுக்கும் உண்மையான வேறுபாடு, அட்டவணை காட்டுவதைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும்.